மோட்டாரின் ரீங்காரம்: தாலினில் காரெல் குரிஸ்மாவின் கண்காட்சி

2018 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஹெல்சிங்கியிலிருந்து கப்பலேறி எஸ்தோனியத் தலைநகரான தாலினுக்குப் போனேன். பின்லாந்து வளைகுடாவைக் கடக்க இரண்டு மணி நேரம். இடையில் கிடப்பது சுமார் 80 கிலோமீட்டர் கடல். அந்தக் கப்பலில் வருகிறவர்களில் பலர் எஸ்தோனியாவில் மலிவாகக் கிடைக்கும் பீரையும் ஒயினையும் பெட்டி பெட்டியாக வாங்கித் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு மாலைக் கப்பலில் திரும்புகிறவர்கள். என் கையிலும் ஒரு காலிப் பை இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் கிளம்பியதற்குக் காரணம், குமு அருங்காட்சியகத்தில் நடந்துகொண்டிருந்த காரெல் குரிஸ்மாவின் கண்காட்சி. மோட்டார், விளக்கு, உருண்டை, கடைசல் பிடித்த மரத்துண்டு ஆகியவற்றைக் கொண்டு அசையவும் ஒலிக்கவும் செய்கிற சிற்பங்களைப் பல பத்தாண்டுகளாக உருவாக்கிவந்த, அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரின் கண்காட்சி அது. டேப் ரெக்கார்டர் பழுதுபார்ப்பவரின் மகனாக வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் ஒரு அழைப்பிதழ் தேவையில்லை.

துறைமுகத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு நடந்து, காத்ரியோர்க் போகும் டிராமில் ஏறினால் கடைசி நிறுத்தத்தில் பூங்கா தொடங்கிவிடுகிறது. ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் தன் மனைவி கேத்தரினுக்காக 1718-இல் கட்டத் தொடங்கிய அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்கா அது. இடத்தின் பெயரும் கேத்தரினின் பெயரிலிருந்து வந்ததுதான். பூங்காவின் மறுகோடியில், சுண்ணாம்புப் பாறைச் சரிவுக்குள் பாதி புதைந்தது போலக் குமு நிற்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பெக்கா வாபாவுவோரி வடிவமைத்து, 2006-இல் திறக்கப்பட்ட கட்டடம். டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்றரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மறைவதற்கு முன்பும் அது வந்திருந்ததற்கான அடையாளம் பெரிதாக இராது. கண்காட்சிக்கு வைத்திருந்த பெயர் ‘மஞ்சள் ஒளியின் இசைக்குழு’. சாம்பல் நிற வானத்தின் கீழே பனியில் சறுக்காமல் நடந்து வந்தவனுக்கு, அந்தப் பெயரில் இருந்த மஞ்சளே பாதி ஆறுதலைக் கொடுத்துவிட்டது.

ஓவியக் கண்காட்சிக்குள் நுழையும்போது கண் முன்னே போகும், கால் பின்னே வரும். இங்கே அந்த வரிசை மாறிவிட்டது. சுவரைத் திரும்புவதற்கு முன்பே காதுக்கு வேலை வந்துவிட்டது. ஏதோ உருளும் ஓசை, ஏதோ உரசும் ஓசை, சிறிய உலோகம் ஒன்று தட்டப்பட்டு அடங்கும் ஓசை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் பாய் விரித்தாற்போல மோட்டார்களின் ரீங்காரம். உள்ளே போனபின் தெரிந்தவை, பொம்மைக்கும் அறைகலனுக்கும் இயந்திரத்துக்கும் இடைப்பட்ட உருவங்கள். வண்ணங்களில் கூச்சமே இல்லை. மேசைக்கால் கடைபவர் ஒருவர் வேலை முடிந்தபின் மிச்சமிருந்த துண்டுகளை வைத்து விளையாடியிருந்தால் எப்படியிருக்குமோ, அப்படிப்பட்ட குறும்பு அவற்றில் இருந்தது. சோவியத் காலத்துக் கலை என்றதும் உயர்த்திய கையும் முறுக்கிய தாடையுமாக ஒரு வெண்கலத் தொழிலாளியை எதிர்பார்த்து வருகிறவர் இந்த அறையில் ஏமாந்துபோவார்.

குரிஸ்மா 1939-இல் எஸ்தோனியாவின் தென்மேற்குக் கடற்கரை ஊரான பேர்னுவில் பிறந்தவர். ஓவியம் பயின்றவர். 1970-களின் தொடக்கத்தில் அசையும் பொருள்களைச் செய்யத் தொடங்கி, எஸ்தோனியாவில் இயங்கு கலைக்கும் ஒலிக் கலைக்கும் முன்னோடி என்ற இடத்தைப் பெற்றவர். இந்த விவரங்களை எந்தக் குறிப்பிலும் படித்துவிடலாம். எனக்கு அவற்றில் முக்கியமாகப்பட்டது வேறொன்று. அவர் தாலினின் பெரிய பல்பொருள் அங்காடியில் அலங்காரக் கலைஞராக வேலை பார்த்திருக்கிறார். 1960-இல் திறக்கப்பட்ட அந்த அங்காடியின் கண்ணாடி ஜன்னல்களுக்குள் பொருள்களை அடுக்கி, தெருவில் போகிறவரை ஒரு கணம் நிறுத்திவைப்பது அந்த வேலை. கடையில் சரக்கு குறைவாக இருக்கும் நாட்டில் ஜன்னல் அலங்காரம் செய்வது ஒரு விநோதமான தொழில். இல்லாததை இருப்பதுபோலக் காட்ட வேண்டும். கிடைத்த நான்கு பொருளைக் கொண்டு ஒரு சிறு நாடகம் நடத்த வேண்டும். அந்தக் கை பழகிய கை என்பது கண்காட்சியில் ஒவ்வொரு பீடத்திலும் தெரிந்தது. எந்தப் பொருளும் தன் விலையைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. விளக்கு எங்கே எரிய வேண்டும், கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் கடைக்காரரின் கறார் இருந்தது.

சோவியத் ஆட்சியில் இத்தகைய பொருள்களை எப்படிச் செய்ய விட்டார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஓவியம், சிற்பம் என்ற பெயரில் வருவதைத்தான் அதிகாரிகள் கூர்ந்து பார்த்தார்கள். அலங்காரம், வடிவமைப்பு என்ற பெயரில் வருவதன் மேல் அவ்வளவு கண் இல்லை. மாஸ்கோவில் 1962-இல் லெவ் நுஸ்பெர்க் முதலானோர் தொடங்கிய ‘இயக்கம்’ என்ற குழு அசையும் கலையைச் செய்துகொண்டே, 1967-இல் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு லெனின்கிராடை அலங்கரிக்கும் பணியையும் செய்திருக்கிறது. முன்வாசலில் கேள்வி கேட்பவர்கள், பக்கவாசலில் ஏணியும் வயருமாக வருகிறவரைப் பார்த்து எலக்ட்ரீசியன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். எஸ்தோனியாவுக்கு இன்னொரு ஜன்னலும் இருந்தது. அதன் வடகரையில் வீட்டுக் கூரை ஆன்டெனாவைத் திருப்பிவைத்தால் பின்லாந்துத் தொலைக்காட்சி தெரிந்தது. 1965-இல் ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே பயணிகள் கப்பலும் மறுபடி ஓடத் தொடங்கியது. மேற்கே பாப் கலை என்ற பெயரில் சோப்புப் பெட்டியும் சூப் டப்பாவும் கலையாகிக்கொண்டிருந்த செய்தி, நான் வந்த இதே 80 கிலோமீட்டர் கடலைத் தாண்டி அந்தக் காலத்திலேயே வந்து சேர்ந்திருந்தது. அங்கே மிதமிஞ்சிய சரக்கைப் பார்த்துப் பிறந்த கலையை, சரக்குத் தட்டுப்பாட்டுக்கு நடுவே இருந்துகொண்டு செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் வேறுபாடு.

கலையில் மோட்டார் வந்த கதைக்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1919-20 குளிர்காலத்தில், உள்நாட்டுப் போரும் பஞ்சமுமாக இருந்த மாஸ்கோவில், நவும் காபோ என்ற சிற்பி ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை நிறுத்திவைத்து அதை அதிரவைத்தார். கம்பி வேகமாக அதிரும்போது, காற்றில் ஒரு வளைந்த உருவம் நிற்பது போலக் கண்ணுக்குத் தெரியும். அதிர்வு நின்றால் வெறும் கம்பி. இயங்கு கலையின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள். அந்தக் காலத்து மாஸ்கோவில் இயந்திர உறுப்பு எதுவும் கிடைப்பது அரிது. காபோவுக்குக் கிடைத்தது ஒரு பழைய தொழிற்சாலை மின்மணி. அதன் மின்காந்தத்தைக் கழற்றித்தான் கம்பியை அதிரவைத்தார். எனக்கு இந்தச் செய்தி எப்போதும் ஒரு சின்ன வேடிக்கையாகப் படும். ஒலிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளின் வாயை அடைத்து, அதைக் கண்ணுக்கு விருந்தாக்கினார் காபோ. அரை நூற்றாண்டு கழித்துத் தாலினில் ஒருவர் அசையும் சிற்பத்துக்கு அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தார்.

எஸ்தோனியாவின் ஒலி என்று பேச்செடுத்தால் இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் மணியோசை போன்ற இசையையும், 1869-இல் தார்த்துவில் தொடங்கிய பாட்டுத் திருவிழாக்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பாட்டையும்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். இரண்டுமே பெரியவைதாம், அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் இரண்டும் நம்மை நிமிர்ந்து உட்காரவைப்பவை. குரிஸ்மாவின் அறையில் யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. தந்தையின் கையை விட்டுவிட்டு ஓடிவந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அசையாமல் நின்ற ஒரு சிற்பத்தின் முன்னே சப்பணமிட்டு உட்கார்ந்து, அது விழிக்கட்டும் என்று காத்திருந்தாள். அதற்கு உயிர் உண்டு, ஆனால் இப்போது தூங்குகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பெரியவர்களாகிய நாங்கள் அதே நேரத்தில் சுவரில் இருந்த குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அவள் காத்திருந்த அந்த இடைவெளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒலியெழுப்பும் சிற்பங்களில் பொதுவாக உள்ளே இருப்பது மிக எளிய பொறி. ஒரு சிறிய மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கப் பல்சக்கரமோ பெல்ட்டோ, கடைசி அச்சில் ஒரு கேம். கேம் என்பது வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் மூக்கு நீண்ட சக்கரம். அந்த மூக்கு சுற்றிவரும்போது ஒரு கோலை மெல்ல மெல்லத் தூக்கும். மூக்கு கடந்ததும் கோல் சட்டென்று விழும். விழுகிற இடத்தில் ஒரு தகடு இருந்தால் ஒரு ஒலி, கம்பி இருந்தால் ஒரு ஒலி, மரம் இருந்தால் வேறொரு ஒலி. கோல் விழுந்த பிறகு தகட்டின் மேலேயே படுத்துக்கிடந்தால் ஒலி செத்துவிடும். தட்டிய கணமே அரை மில்லிமீட்டராவது விலகி நிற்க வேண்டும். அந்த அரை மில்லிமீட்டரை ஒரு ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது, அல்லது ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு பார்த்துக்கொள்கிறது. ஃபெல்ட் துண்டு தேய்ந்தால் ஒலி கூர்மையாகும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஒலி மங்கும். பார்ப்பவருக்கு விழுவதுதான் தெரிகிறது. கேட்பவருக்கோ, கோல் மெல்ல ஏறுகிற அந்தச் சில நொடிகளும் நிகழ்ச்சியின் பகுதி.

இப்படி இரண்டு பொறிகள் ஒரே அறையில் இருந்தால் கணக்கு சுவாரசியமாகிறது. ஒன்று 7 விநாடிக்கு ஒரு முறையும் மற்றொன்று 11 விநாடிக்கு ஒரு முறையும் தட்டினால், 77 விநாடிக்கு ஒரு முறைதான் இரண்டும் சேர்ந்து தட்டும். மூன்றாவதாக ஒன்று 13 விநாடிக்கு ஒரு முறை தட்டினால், மூன்றும் சேர்வதற்கு 1001 விநாடிகள், அதாவது ஏறக்குறைய பதினேழு நிமிடம் ஆகும். அதுவும் காகிதத்தில்தான். உண்மையில் பெல்ட் இழுபடும், எண்ணெய் சூட்டில் இளகும், மோட்டார் காலையில் ஒரு வேகத்திலும் மாலையில் ஒரு வேகத்திலும் ஓடும். எனவே ஒரு முறை கேட்ட சேர்க்கையை இன்னொரு முறை கேட்போம் என்பதற்கு உறுதியில்லை. இசைக்குழு என்ற பெயரை நான் முதலில் வெறும் அழகுக்காக வைத்தது என்று நினைத்தேன். அரை மணி நேரம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகு அந்த எண்ணம் மாறியது. ஒவ்வொருவரும் தத்தம் நாழிகையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆனாலும் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது போலத் தோன்றும் ஒரு கூட்டம் அது.

அந்த அறையில் என்னைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து காவல் பார்த்த வயதான பெண்மணி. நாளெல்லாம் அதே ஒலிகளுக்கு நடுவே இருப்பவர். ஒரு சிற்பம் ஒலிக்கத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே அவருடைய தலை அந்தப் பக்கம் திரும்பிவிடுவதைக் கவனித்தேன். முதலில் தற்செயல் என்று எண்ணினேன். நான்காவது முறையும் அப்படியே நடந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ‘இல்லை’ என்பதுபோல விரலை ஆட்டினார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். கோல் மேலே ஏறும்போது மோட்டாருக்குச் சுமை கூடும், ரீங்காரம் ஒரு நூலளவு கனக்கும். அதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் பிடிக்காததற்கு என் அப்பாதான் காரணம். எங்கள் ஊரில் அவருடைய கடை எட்டடிக்கு ஆறடி. 1980-களின் இறுதியிலும் 90-களிலும் ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். ரிப்பேருக்கு வரும் டேப் ரெக்கார்டரைத் திறப்பதற்கு முன், அதை ஓடவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து வெறும் மோட்டாரைக் கேட்பார். “பெல்ட்டு போயிருச்சு” என்பார், அல்லது “ஹம் அடிக்குது, ஃபில்டர் கண்டென்சரைப் பாரு” என்பார். பத்தில் எட்டு முறை திறந்து பார்த்தால் அதுதான் இருக்கும். பழைய ரப்பர் பெல்ட் எப்படிச் சாகும் என்பதை அந்தக் கடையில்தான் பார்த்தேன். முதலில் நீளும். அப்போது பாட்டு இழுத்து இழுத்துப் பாடும். பிறகு வெடிப்பு விடும். சில வகை ரப்பர் கடைசியில் உருகித் தார் போலாகி, புல்லியில் அப்பிக்கொண்டு, தொட்டவன் விரலை விட்டு ஒரு வாரத்துக்குப் போகாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதை வழித்தெடுப்பது பள்ளி விடுமுறையில் என் வேலை. ஒரு பைசா கூலி கிடையாது. புதுப் பெல்ட் போட்டுக் கொடுத்தால் சில வாடிக்கையாளர்கள் இரண்டு நாளில் திரும்பி வருவார்கள்: “வேகமா பாடுற மாதிரி இருக்கே அண்ணே.” வேகம் சரியாகத்தான் இருக்கும். தளர்ந்த பெல்ட்டில் ஐந்து வருடம் கேட்டுப் பழகிய காதுக்குச் சரியான வேகம் தப்பாகக் கேட்கும்.

குமுவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். ஓவியத்தை ஆயிரம் பேர் பார்த்தாலும் அது பார்க்கப்பட்டதால் தேய்வதில்லை. வெளிச்சத்தால் நிறம் மங்கலாம், அதற்கு விளக்கைக் குறைத்துவைக்கலாம். அசையும் சிற்பம் அப்படியல்ல. அது ஒவ்வொரு முறை அசையும்போதும் தன்னிடமிருந்து கொஞ்சம் செலவழிக்கிறது. மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்கிறது, கேமின் மூக்கு மழுங்குகிறது, தட்டப்படும் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவில் உருவம் மாறுகிறது. அதைக் காட்சிக்கு வைப்பது என்பது அதன் ஆயுளில் இத்தனை ஆயிரம் தட்டுகளைச் செலவழிக்க முடிவெடுப்பது. காட்சிக்கு வைக்காமல் பூட்டிவைத்தாலும் தப்பிக்க முடியாது. ஓடாத மோட்டாரில் எண்ணெய் இறுகும், சுற்றாத பெல்ட்டில் நின்ற இடத்தில் மடிப்பு விழும். வீட்டில் தையல் இயந்திரத்தை வருடக்கணக்கில் மூடிவைத்துவிட்டுத் திறந்தவர்களுக்கு இது தெரியும்.

இந்தச் செலவை ஒரே மூச்சில் செய்து காட்டியவர் சுவிட்சர்லாந்துச் சிற்பி ஜான் டிங்கெலி. 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அவர் நிறுத்திய இயந்திரம், பியானோவையும் சக்கரங்களையும் பல்வேறு தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்துக் கட்டியது, 27 நிமிடம் தன்னைத்தானே அழித்துக்கொண்டு, தீயணைப்பு வீரர் குறுக்கிட்டதும் அடங்கியது. இயங்கு கலை என்றதும் எல்லாரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி இது. எனக்கு அதைவிடப் பிடித்தது, பாஸல் நகரில் அவருக்கென 1996-இல் திறந்த அருங்காட்சியகத்தில் தரையில் பதித்திருக்கும் பொத்தான்கள். காலால் அழுத்தினால் இயந்திரம் ஓடும். ஓடி முடித்தபின் அது தன் ஓய்வு நேரத்தை எடுத்துக்கொள்ளும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. ஒரு நாளைக்கு அழிந்துபோவது சாகசம். தினம் கொஞ்சமாகச் செலவழிந்துகொண்டே நாற்பது ஆண்டு வேலைக்கு வருவது வேறு வகைத் திறமை. குரிஸ்மாவின் சிற்பங்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவை யாரையும் பயமுறுத்துவதில்லை, புகைவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுக்கிற கிழவர்களைப் போல இருக்கின்றன.

பழுது நீக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1970-களின் ஒரு மோட்டார் எரிந்துபோனால், அதே வகை மோட்டார் இன்று செய்யப்படுவதில்லை. பழைய இசைத்தட்டுக் கருவிகளிலிருந்தும் விசிறிகளிலிருந்தும் கழற்றித் தேடலாம். ஒரு நாள் அதுவும் தீர்ந்துபோகும். அப்போது புதிய மோட்டார் போட வேண்டும். இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு மோட்டார் மிக நல்ல மோட்டார். வேகம் பிசகாது, சூடேறாது, சத்தமே போடாது. சத்தமே போடாது என்பதுதான் குறை. தகட்டின் ஒலி மட்டும் வெறும் அறையில் தனியே விழும். அடியில் விரித்திருந்த பாயை உருவிவிட்டது போல ஆகிவிடும். அந்த ரீங்காரத்தைச் சிற்பி விரும்பி வைத்தாரா, வேறு வழியில்லாமல் சகித்துக்கொண்டாரா என்று சிற்பத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த வரைபடத்திலும் அது எழுதியிராது. அருங்காட்சியகப் பதிவேட்டில் மரம், உலோகம், மின்மோட்டார், உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று இருக்கும். ஒலியை எழுதுவதற்கு அதில் கட்டமே கிடையாது. ஒலிப்பதிவு செய்துவைக்கலாம் என்பார்கள், வைக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த நாளைய ஒலியைப் பதிவது? பிறந்த நாளன்று கேட்ட ஒலியா, நாற்பது வருடம் தேய்ந்தபின் கேட்கிற ஒலியா? அப்பாவின் வாடிக்கையாளர்களுடைய வழக்கு இங்கேயும் அப்படியே வந்து நிற்கிறது.

அதனால்தான் கலைஞர் உயிரோடிருக்கும்போது நடக்கும் இப்படியொரு முழுமையான கண்காட்சிக்கு, மறைந்தபின் நடக்கும் நினைவுக் கண்காட்சியிலிருந்து வேறான ஒரு பயன் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதாரணமாக ஓவியரின் பங்கு ஓவியம் முடிந்ததும் முடிந்துவிடுகிறது. இங்கே சிற்பி ஒரு முறை காதைச் சாய்த்து ‘இது சரி’ என்றோ ‘இது நான் செய்ததல்ல’ என்றோ சொல்லும்வரை பழுது நீக்கியவரின் வேலை முடிவதில்லை. அந்தக் காது எழுபத்தொன்பது வயதுக் காது, மேல் சுருதிகள் அதற்குச் சரியாகக் கேட்குமா என்று கேட்கிற விவரமானவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் வேறு அளவுகோல் நம்மிடம் இல்லை.

சிற்பம் போனால் அளவுகோலும் சேர்ந்து போய்விடும் என்பதற்குத் தாலினிலேயே ஓர் இடம் இருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் தாலினில்தான் நடந்தன; மாஸ்கோவுக்குக் கடல் இல்லையே. அதற்காக ஊரில் பல கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று நகர நடுவில் வந்த புதிய தலைமை அஞ்சலகம். அதற்காகக் குரிஸ்மா ஓர் இயங்கு சிற்பத்தைச் செய்தார். அஞ்சலகம் என்பது எத்தனை பொருத்தமான இடம் என்று யோசித்துப் பாருங்கள். முத்திரை குத்தும் ஓசை, நாணயம் விழும் ஓசை, வெளியூர்த் தொலைபேசிக்காகக் காத்திருப்பவரின் பெயரைக் கூப்பிடும் ஓசை இவற்றின் நடுவே, யாருக்கும் எதுவும் அனுப்பாமல் தன்பாட்டுக்கு இயங்கும் ஒரு பொறி. வரிசையில் நிற்கிறவருக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இராது. அன்றைய என் கடைசி ஒரு மணி நேரத்தை அங்கே போவதற்காக வைத்திருந்தேன். கட்டடம் இப்போது வணிக வளாகம். உள்ளே துணிக்கடை வெளிச்சமும் நகரும் படிக்கட்டும் இருந்தன, சிற்பம் இல்லை. நகரும் படிக்கட்டின் அருகே நின்று கொஞ்ச நேரம் அதன் மோட்டாரைக் கேட்டுவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன்.

இதை எழுதுவதற்கு இத்தனை வருடம் ஆனதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமில்லை. எழுதவைத்தது, 2025 பிப்ரவரியில் படித்த ஒரு மின்வாரியச் செய்தி.

நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாரோ டிரான்ஸ்ஃபார்மரோ எழுப்பும் ரீங்காரத்தின் சுருதியை அதைச் செய்தவர் தீர்மானிப்பதில்லை, மின்கட்டமைப்பு தீர்மானிக்கிறது. விநாடிக்கு 50 சுற்று என்ற மின்சாரத்தில் அந்த ரீங்காரம் விநாடிக்கு 100 அதிர்வாகக் கேட்கும். அமெரிக்காவில் 60 சுற்று என்பதால் அங்கே 120. மின்சாரத்தோடு அடிக்கு அடி சேர்ந்து சுழலும் ஒத்தியங்கு மோட்டார் என்றால், வேகமும் அப்படியே மின்கட்டமைப்பின் கையில். இந்த 50 என்பது ஒரு நாட்டுக்குள் மட்டும் நடக்கிற சங்கதியும் அல்ல. ஒரே கட்டமைப்பில் இணைந்த நாடுகள் எல்லாவற்றிலும் எல்லா மின்னாக்கிகளும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். யாரோ ஒருவர் அந்தத் தாளத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். எஸ்தோனியா 1991-இல் விடுதலை பெற்றது, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தது, 2011-இல் யூரோ நாணயத்துக்கு மாறியது. ஆனால் அதன் மின்கட்டமைப்பு மட்டும் சோவியத் காலத்தில் பின்னியபடியே ரஷ்யக் கட்டமைப்போடு இணைந்திருந்தது. தாளம் மாஸ்கோவிலிருந்து பிடிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட ரீங்காரத்தின் சுருதி, 1970-களில் குரிஸ்மா தன் முதல் மோட்டாரை மின்சாரத்தில் சொருகியபோது கேட்ட அதே கட்டமைப்பின் சுருதி.

2025 பிப்ரவரி 8 அன்று எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று நாடுகளும் அந்த இணைப்பைத் துண்டித்தன. மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியக் கண்டத்தின் கட்டமைப்போடு சேர்ந்துகொண்டன. இடைப்பட்ட ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் மூன்று சிறிய நாடுகளும் யாரோடும் சேராமல், தங்கள் தாளத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. அது ஒரு சனிக்கிழமை. அன்று தாலினில் எங்காவது ஒரு கிடங்கிலோ காட்சியறையிலோ குரிஸ்மாவின் பொறி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருந்தால், கோல் ஏறும்போது அதன் ரீங்காரம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறுபாடு மிக மிகச் சிறியதாகத்தான் இருந்திருக்கும். கருவி வைத்தால்தான் தெரியும். மூலை நாற்காலிப் பெண்மணியிடம் கேட்டுப் பார்க்கலாம்.